வன்னிக் காட்டிற் சிறுத்தையை இனங்காணல்

ஆபிரிக்காவின் செரங்கெற்றிப் புல்வெளியிற் சிங்கத்தைக் காண்பது பெரிதும் அரிய செயலன்று. சிங்கம் கூட்டமாக வாழ்வது. பகலின் பெரும்பகுதியைப் படுத்தே கழிப்பது. ஆதலால், திறந்த வெளியிலே மரநிழலை நாடிக் கிடக்கும் கூட்டத்தை வழிகாட்டுவோர் தொலைவிலேயே கண்டுகொள்வர்.

இலங்கைக் காடுகளிற் சிங்கம் இல்லை. குருவிட்டப் பகுதியிற் கிடைத்த புதைபடிவப் பற்களைக் கொண்டு, மிகப் பழைய காலத்தில் இத்தீவிலும் சிங்கம் வாழ்ந்ததென 1939ஆம் ஆண்டிற் போல் தெரணியகல எடுத்துரைத்தார். இன்று சிங்கத்திற்குரிய ஆசனத்தில் வீற்றிருப்பது சிறுத்தையே. இலங்கைச் சிறுத்தையைத் தனியோர் உள்ளினமாக 1956இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகஞ் செய்தவரும் அவ்வறிஞரே. வரிப்புலி வாழாத இந்நாட்டிற் சிறுத்தையையே புலி என வழங்குதலும் உண்டு.

வவுனியாவுக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் வில்பத்து, 1938இல் தேசிய வனமாக்கப்பட்டது. அதன் பரப்பு 1,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்டது. போர்க்காலத்திற் பல ஆண்டுகள் மூடப்பட்டிருந்த இவ்வனம் 2010இல் மீண்டும் திறக்கப்பட்டது. ‘வில்லு’ எனப்படும் இயற்கை நீர்நிலைகள் இதன் தனிச்சிறப்பு. மழைநீர் தேங்கும் இவ்வில்லுகளைச் சூழ்ந்து புற்றரை அமைந்திருப்பதால், மற்றெங்கும் அடர்ந்த காடு கண்ணை மறைத்தாலும், இங்கே பார்வைக்குச் சிறிது வெளி கிடைக்கின்றது. வைகாசி தொடக்கம் ஆவணி வரையுள்ள வறட்சியிற் காட்டினுள் நீர் வற்ற, மான்கள் வில்லுகளை நாடுகின்றன. மான்களைத் தொடர்ந்து சிறுத்தையும் வருகின்றது.

எனினும், சிறுத்தையின் உடலைத் தேடுவோர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். பாலை மரத்தின் கிளையில் அது படுத்திருந்தாலும், இலைகளூடே விழும் வெயிற்புள்ளிகளும் அதன் மேனிப்புள்ளிகளும் ஒன்றாகிவிடும். ஆகையால், அனுபவமுள்ளோர் முதலில் அதன் அடையாளங்களையே தேடுவர். மணற்பாதையிற் பதிந்த அடியில் நான்கு விரல்கள் தெரியும், நகக்குறி தெரியாது. நடக்கும்போது சிறுத்தை தன் நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதே இதற்குக் காரணம். நாய், நரி, கரடி ஆகியவற்றின் அடியிலோ நகக்குறி பதிவது வழக்கம்.

கண்ணினும் செவியே இங்குப் பெருந்துணை. மர உச்சியிலுள்ள மந்தி இடைவிடாது குரைப்பதுபோல ஒலியெழுப்பினால், அது எத்திசையை நோக்குகின்றதென்று கவனித்தல் வேண்டும். அதே வேளை புள்ளிமானும் வாலை உயர்த்தி, முன்காலை நிலத்தில் அடித்துக் கூவுமாயின், ஐயத்திற்கு இடம் குறைவு. சிறுத்தையின் குரலோ சிங்கத்தின் கர்ச்சனை போன்றதன்று. வாளால் மரம் அறுக்கும் ஓசையை ஒத்தது. தன்னோடு போட்டியிடும் வேறு பெரும் பூனையினம் இத்தீவில் இல்லாமையால், சிறுத்தை சில வேளைகளிற் பட்டப்பகலிலும் பாதையில் அமைதியாக நடந்து செல்வதுண்டு.

இவ்வறிவு காட்டைக் காணச் செல்வோருக்கு மட்டும் உரியதென எண்ணுதல் தவறு. வன்னியிலே வயலும் குளமும் காடும் அடுத்தடுத்து உள்ளன. 2018 ஜூன் மாதத்திற் கிளிநொச்சி அம்பாள்குளத்தினுள் நுழைந்த சிறுத்தையொன்று பலரைக் காயப்படுத்தியது. ஈற்றில் அதுவும் அடித்துக் கொல்லப்பட்டது. துன்பம் இரு திறத்தார்க்கும் நேர்ந்தது. சுற்றிவளைக்கப்பட்ட சிறுத்தைக்கு ஓடும் வழி இல்லையெனில், அது பாயவே செய்யும். எனவே, அடித்தடமோ விலங்கோ காணப்பட்டாற் கூட்டங் கூடாது, அது காட்டுக்குத் திரும்பும் வழியைத் திறந்துவிட்டு, வனசீவராசிகள் திணைக்களத்திற்கு அறிவித்தலே நன்று. கன்றுகளை இரவில் உறுதியான அடைப்பினுள் வைத்தலும், சிறுவரைத் தனியே விடாதிருத்தலும் வேண்டற்பாலன.

மற்றோர் ஆபத்து கம்பிக் கண்ணி. பன்றிக்கென வைக்கப்படும் கண்ணி, எவ்விலங்கின் கழுத்து எனப் பார்ப்பதில்லை. 2020 மே மாதத்தில் மலைநாட்டின் நல்லதண்ணிப் பகுதியிற் கண்ணியிற் சிக்கி மீட்கப்பட்ட அரிய கருஞ்சிறுத்தை, சில நாட்களில் இறந்தது. வேலியோரத்திற் கண்ணி வைப்பவர் சிறுத்தையைக் கொல்ல எண்ணாதவராயிருக்கலாம். ஆயினும் விளைவு ஒன்றே.

சிறுத்தை மானையும் பன்றியையும் உண்டு அவற்றின் பெருக்கத்தை அடக்குவது. பன்றியின் பெருக்கம் அடங்கினால், அதன் பயன் வயலுக்குரியவனையும் சாரும். மந்தியின் குரலையும் மணலின் தடத்தையும் அறிந்த உழவன், அச்சத்தால் நிலைகுலையான். அசட்டையால் அழியவும் மாட்டான்.