மனப்பாடமா, சிந்தனையா? இலக்கியப் பாடமும் நம் பிள்ளைகளும்

தமிழ்ப் பாடம் என்றவுடன் நம் பிள்ளைகள் செய்யுளை ஒப்புவிக்கத் தயாராகின்றனர். ஆசிரியர் சொன்ன பொருளைக் கொப்பியில் எழுதி, பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். லிந்துலைத் தோட்டங்களின் பிள்ளைகளும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னி சென்று, காடு வெட்டி, பின்பு போரில் அந்த மண்ணையும் இழந்த உங்கள் பிள்ளைகளும் பெரும்பாலும் இப்படித்தான் இலக்கியம் படிக்கின்றனர். மனப்பாடம் தவறன்று. ஆனால் படிப்பு அதோடு நின்றுவிட்டால், பிறர் சொல்வதை ஆராயாமல் ஏற்கும் பழக்கமே மிஞ்சும்.

அந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. நம் முன்னோர் காலத்தில் ‘துண்டு’ என்றொரு காகிதம் இருந்தது. இந்தக் கங்காணியின் ஆட்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் அவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுப்பார். வேறொரு தோட்டம் தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். காகிதத்திலிருந்த கணக்கு சரியா என்று கேட்க, எழுத்தறியாத கடனாளிக்கு வழியில்லை. 1921ல் சட்டம் இம்முறையை ஒழித்தது. ஆயினும் விளங்காத தாளில் கையெழுத்திடும் நிலை நம்மிடையே இன்னும் முற்றாக ஒழியவில்லை.

கண்ணகி கதையில் ஒரு பயிற்சி

இதற்கு மருந்து இலக்கியத்திலேயே இருக்கிறது. சிலப்பதிகாரக் கதை உங்களுக்குத் தெரியும். “கண்ணகியின் கற்புத்திறனை விளக்குக” என்பது வழக்கமான வினா. அதற்குப் பதிலாக, “அரசன் கேட்காமல் விட்ட கேள்வி எது?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பறையில் பேச்சு பிறக்கும்.

அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். கோவலன் விற்க வந்த சிலம்பைக் கண்டதும், பழியை அவன்மேல் போட வழி கிடைத்துவிட்டது. அரசனோ விசாரணையின்றிக் கொலைக்கு ஆணையிட்டான். “இது யாருடைய சிலம்பு? இதன் சோடி எங்கே?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஓர் உயிர் தப்பியிருக்கும்.

கொல்லச் சென்ற காவலரின் நிலையும் ஆராயத்தக்கது. கோவலனைப் பார்த்தவுடன், இவன் கள்வன் போல் இல்லையே என்ற ஐயம் அவர்களுக்கே எழுந்தது. பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை நீளமாகப் பேசி அந்த ஐயத்தை மழுங்கடித்தான். கடைசியில் வாளை வீசியவன், கல்வியறிவில்லாத ஒரு குடிகாரன் என்கிறார் இளங்கோவடிகள். சந்தேகம் வந்தும் அதை அரசனிடம் கொண்டுபோகாதவர்களுக்கு இக்கொலையில் பங்கில்லையா? பிள்ளைகள் இதற்குப் பலவாறு விடை சொல்வார்கள். சொல்லட்டும். ஒவ்வொருவரிடமும் “ஏன் அப்படி நினைக்கிறாய்? கதையில் எந்த இடம் அதைக் காட்டுகிறது?” என்று கேட்பதே ஆசிரியரின் வேலை.

கண்ணகி அழுது மட்டும் நிற்கவில்லை. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்ற வேறுபாட்டை முன்வைத்தாள். சபையில் உடைத்துக் காட்டினாள். அரசன் வாயடைத்துப் போனது அந்தச் சான்றின் முன்னே. நியாயம் கேட்பவனுக்குக் கண்ணீரோடு ஆதாரமும் வேண்டும் என்பது இடம்பெயர்ந்த நமக்கு எவ்வளவு பொருத்தமான பாடம்!

நம் பாடல்களும் பாடநூலே

புத்தகமில்லையே என்று தயங்க வேண்டாம். தோட்டத்துப் பாட்டி பாடும் தாலாட்டும், கொழுந்தெடுக்கும்போது பாடிய பாட்டும் இலக்கியமே. லிந்துலைக்கு அதிக தூரமில்லாத மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914ல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947ல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. அவருக்கு முன்பே கோ. நடேசய்யரும் அவர் துணைவி மீனாட்சியம்மாளும் தொழிலாளரை விழிப்படையச் செய்யப் பாடல்களைப் பயன்படுத்தினர்.

பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயரி 1963ல் அங்கிக்கோஸ் என்ற ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு எழுத்தறிவித்தபோது, அவர்களது அன்றாடச் சொற்களையே எடுத்து, முதலில் அவற்றைப் பற்றிப் பேச வைத்தார். எழுத்து அதன்பின் வந்தது. நாமும் அவ்வாறு செய்யலாம். கங்காணியைக் கேலி செய்யும் பாட்டை எடுத்து, “இதைப் பாடுவது யார்? நேரில் சொல்லாமல் ஏன் பாட்டில் சொன்னார்கள்?” என்று கேட்டால் போதும்.

வீட்டில் செய்யக்கூடியவை

1. பிள்ளை கதை படித்து முடித்ததும், சொன்னவன் யார், அதனால் அவனுக்கு என்ன ஆதாயம் என்று கேளுங்கள்.

2. கதையில் கண்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்ல வையுங்கள்.

3. கதையில் பேசாமல் நின்றவரின் பக்கத்தைப் பிள்ளையின் சொந்த வார்த்தையில் சொல்லச் செய்யுங்கள்.

4. பெரியவரிடம் பிள்ளை கேள்வி கேட்டால் “வாய் காட்டாதே” என்று அடக்காதீர்கள். மரியாதையோடு கேட்கப் பழக்குங்கள்.

காணி அனுமதிப்பத்திரம், நிவாரணப் பட்டியல், கடன் விண்ணப்பம் என்று எத்தனையோ தாள்கள் உங்கள் வாசலுக்கு வருகின்றன. பட்டியலில் நம் பெயர் ஏன் இல்லை, காணியின் எல்லை எங்கே, வட்டி எவ்வளவு என்று கேட்க வீட்டில் ஒருவராவது வேண்டும். சிலம்பின் சோடியைக் கேட்கக் கற்ற பிள்ளை அதையும் கேட்கும். இன்றிரவு விளக்கடியில் பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து, முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள்.