கறை படியாத துணியும் கரையாத நஞ்சும்

புது தில்லி: தில்லியில் பனி இறங்கியதும் நாடாளுமன்ற வளாகத்தில் கம்பளிக் கோட்டுகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். கம்பளியும் பாலியஸ்டரும் கலந்த இத்துணிகளில் சில ரகங்கள், தேநீர் சிந்தினாலும் கறை படியாது என்ற உறுதிமொழியுடன் விற்கப்படுகின்றன. அந்த உறுதிமொழிக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஃப்ளூரின் கலந்த வேதிப்பூச்சு.

துணியைக் கரைசலில் தோய்த்து, உருளைகளால் பிழிந்து, உலர்த்திச் சூடேற்றினால் இப்பூச்சு இழைகளைப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும் ஒட்டாது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1956-இல் ஸ்காட்ச்கார்டு என்ற பெயரில் இத்தகைய பூச்சை முதலில் கம்பளிக்காகவே சந்தைக்குக் கொண்டு வந்தது.

சிக்கல் அதன் உறுதியிலேயே இருக்கிறது. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பு இயற்கையில் எளிதில் சிதைவதில்லை. இதனுடன் தொடர்புடைய பிஎஃப்ஓஎஸ் என்ற வேதிப்பொருள் மனித ரத்தத்திலும் கண்டறியப்பட்ட நிலையில், அதன் உற்பத்தியைக் கைவிடுவதாக 3எம் நிறுவனம் 2000-இல் அறிவித்தது. மற்றொன்றான பிஎஃப்ஓஏ, புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என 2023-இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. தமிழக நீர்நிலைகளிலும் இவ்விரண்டும் இருப்பதை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டனர்.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் பிஎஃப்ஓஎஸ் 2009-இலும் பிஎஃப்ஓஏ 2019-இலும் சேர்க்கப்பட்டன. 2006-இல் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, புதிய சேர்க்கைகள் தனது தனி ஒப்புதலுக்குப் பிறகே தன்னைக் கட்டுப்படுத்தும் என்ற நிபந்தனையை வைத்தது. 2020 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஏழு வேதிப்பொருள்களுக்கு ஒப்புதல் அளித்தது. அந்த ஏழில் இவை இரண்டும் இல்லை.

அதே கூட்டத்தில், உள்நாட்டு விதிகளால் ஏற்கெனவே கட்டுப்படுத்தப்பட்ட பொருள்களுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் வெளியுறவு, சுற்றுச்சூழல் அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அதாவது, உள்நாட்டில் விதி வகுக்கப்பட்டால் எஞ்சிய பாதை சுருக்கமானதே.

உலகம் காத்திருக்கவில்லை. கலிபோர்னியாவில் 2025 முதலும், பிரான்ஸில் 2026 முதலும், சில விலக்குகளுடன் இவ்வகை ஆடைகளுக்குத் தடை நடைமுறைக்கு வந்துள்ளது. தீயணைப்பு வீரர் உடை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. மெழுகு, சிலிக்கோன் பூச்சுகள் மழைநீரைத் தடுக்கும். எண்ணெய்க் கறையைத் தடுக்கும் திறன் அவற்றுக்குக் குறைவு.

அங்கே விற்க முடியாத பூச்சுத் துணி, கட்டுப்பாடு இல்லாத சந்தையைத் தேடும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்காகப் பூச்சை மாற்றும் ஆலைகள், உள்நாட்டு வாடிக்கையாளருக்காகவும் மாற்ற வேண்டுமானால் அதற்குச் சட்டம் வேண்டும். எண்ணெய்க் கறையைச் சலவைக்காரர் போக்கிவிடுவார். ஆற்றில் கலந்ததை யார் போக்குவது?