சாவகர் போர்க்கலையும் தமிழர் சிலம்பமும்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் சாவகச்சேரியைக் கடந்தே செல்லல் வேண்டும். அவ்வூர்ச் சந்தையையும் தென்மராட்சிப் பலாப்பழத்தையும் அறியாதார் நம்முள் இல்லை. ஆயின் ஊர்ப்பெயரின் முற்பகுதி யாரைக் குறிக்கின்றது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. சாவகர் இருந்த சேரி சாவகச்சேரியாயிற்று என்பதே பலரும் கூறும் பொருள். சாவகம் தமிழுக்குப் புதிய பெயரன்று. சாவக நாட்டையும் அதன் அரசனையும் மணிமேகலை பேசுகின்றது. சாவா, சுமாத்திரா, மலாயா என இன்று வேறு வேறாக வழங்கும் நிலப்பரப்பை நம் முன்னோர் இவ்வொரு பெயருள் அடக்கினர் போலும்.

அச் சாவகர் இலங்கைக்கு வந்தது வணிகராக மட்டுமன்று. இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியிலிருந்த தாம்பிரலிங்கத்தின் அரசன் சந்திரபானு 1247 ஆம் ஆண்டில் படையொடு வந்திறங்கினான். அவன் வீரர் நஞ்சு தோய்ந்த அம்புகளை எய்து மக்களைத் துன்புறுத்தினர் என்று சூளவம்சம் கூறுகின்றது. சில ஆண்டுகள் கழித்து அவன் மீண்டும் போர் தொடுத்தபோது பாண்டிய சோழ நாடுகளிலிருந்து திரட்டிய தமிழ் வீரரும் அவன் படையில் இருந்தனர் என்பதும் அந்நூலிற் காணும் செய்தி. சாவகன் மைந்தன் பாண்டியனுக்குப் பணிந்தமையை வீரபாண்டியனது குடுமியான்மலைச் சாசனம் குறிப்பிடுகின்றது. இச் சாவகர் வட இலங்கையில் அரசு செலுத்தினர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. எனவே, ஏழு நூற்றாண்டுகளுக்கு முன்னரே சாவக வீரனும் தமிழ் வீரனும் ஒரே பாசறையில் உறங்கி எழுந்திருக்கின்றனர். ஒருவர் ஆயுதப் பயிற்சியை மற்றவர் பாராமலா இருந்திருப்பர்?

இவ்விடத்திலேதான் நாம் நிதானித்தல் வேண்டும். மலாய் மக்களின் சிலாட் என்னும் போர்க்கலை நம் சிலம்பத்தின் வழிவந்ததே என்ற கூற்று மேடைகளில் அடிக்கடி கேட்கப்படுகின்றது. பெயர் ஒலியில் ஒத்திருப்பதும், இராசேந்திர சோழன் ஏறக்குறைய 1025 இல் கடாரம் கொண்டதும் அதற்குச் சான்றாகக் காட்டப்படும். சோழனது மெய்க்கீர்த்தியோ வென்ற ஊர்களையும், கைப்பற்றிய யானைகளையும், வித்தியாதர தோரணத்தையும் கூறுகின்றதேயன்றிச் சிலம்பாசிரியர் எவரையும் கப்பலேற்றிச் சென்றதாகக் கூறவில்லை. இன்னுஞ் சிலர் போதிதருமரைத் துணைக்கழைப்பர். அவர் சீனர்க்குப் போர்ப்பயிற்சி தந்தார் என்னும் கதைக்கு வேராகிய நூல் 1624 ஆம் ஆண்டினது. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. இத்தகைய கூற்றுக்கள் தமிழ்ச் செவிக்கு இனிப்பன. ஆயினும் இனிமை சான்றாகாது.

ஒரு கலையின் பிறப்பிடத்தை அறிய அதன் பெயரைப் பார்ப்பதினும் அதனுள் வழங்கும் சொற்களைப் பார்த்தல் நன்று. சிலாட் பயில்வோன் முதலிற் கற்பது ‘லங்கா’. அதன் பொருள் அடிவைப்பு என்பது. இலங்காபுரிக்கும் அதற்கும் தொடர்பு தேட வேண்டா. கையும் உடலும் அலைபோல் நெளிந்து செல்லும் அழகிய அசைவுகளுக்குப் ‘பூங்கா’ என்று பெயர். நமக்கு மலர்ச் சோலையை நினைவூட்டும் இச்சொல்லுக்கு மலாய் மொழியிற் பூ என்பது பொருள். ஒலி ஒற்றுமை எவ்வாறு மயக்கும் என்பதற்கு இதுவே போதும். அடித்து வீழ்த்தும் செயல்முறையைப் ‘புவா’ என்பர், அது கனி. பூவைக் கலியாண வீடுகளில் விருந்தினர்க்கு ஆடிக்காட்டுவர். கனி ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரியது. பயிலும் களத்துக்குரிய ‘கெலாங்காங்’ என்ற சொல் சேவற்சண்டை நடக்கும் களத்துக்கும் வழங்குவது. இவை யாவும் மலாய் மண்ணின் சொற்கள். ஆசிரியரை மட்டும் அவர்கள் ‘குரு’ என்கின்றனர்.

நம் சிலம்படியிலும் இதே நிலையைக் காணலாம். கால்வைக்கும் முறையைச் சுவடு என்கின்றோம். எதிரியின் கம்பு உட்புகாவண்ணம் தன்னைச் சுற்றிப் பொல்லைச் சுழற்றி அரண் அமைப்பதை வீடு கட்டுதல் என்கின்றோம். மலாயன் தன் கலைக்குப் பூவையும் கனியையும் தேடினான். தமிழன் வீடு கட்டினான். ஆட்டத்தின் அமைப்பும் வேறு. நெற்றியளவு உயர்ந்த மூங்கிற் கம்பு சுழல்வதற்கு வெட்டவெளி வேண்டும். எதிரியை எட்ட நிறுத்துவதே அதன் நோக்கம். சிலாட் பெரும்பாலும் நெருங்கி நின்று பிடித்து வீழ்த்துவது. சுமாத்திராவின் மினாங்கபாவு மக்கள் புலியைப்போல நிலத்தோடு பதுங்கி ஆடும் முறையொன்றை வைத்திருக்கின்றனர். மழையில் நனைந்து வழுக்கும் தரையில் நிமிர்ந்து நிற்பவன் விழுவான் என்பது அவர் கூறும் விளக்கம். நமது வரண்ட செம்மண் தரையில் அக்கவலை எழ நியாயமில்லை.

பெயரைக் கொண்டு பிறப்பைத் துணிதல் எத்துணைப் பிழையாகும் என்பதற்குப் பிலிப்பைன் தீவுகளே சிறந்த சான்று. அங்கே பிரம்பு கொண்டு பொரும் கலைக்கு ஆர்ணிசு என்று பெயர். 2009 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை நாட்டின் தேசிய விளையாட்டாக்கியது. அப்பெயரோ கவசத்தைக் குறிக்கும் இசுப்பானியச் சொல்லின் திரிபு. இதனால் இசுப்பானியரே அதனைக் கற்பித்தனர் எனலாமா? 1521 ஏப்பிரல் 27 இல் மக்தான் கடற்கரையில் மகலன் என்னும் மாலுமியை வெட்டி வீழ்த்திய தீவினர்க்கு எந்த இசுப்பானியரும் ஆசிரியராயிருக்கவில்லை.

இவ்வாறு கூறுவதால் நமக்கும் அவர்க்கும் கொள்வினை கொடுப்பினை இல்லை என்பது கருத்தன்று. நடுச் சாவாவிலுள்ள சுகு என்னும் கோயில் 15 ஆம் நூற்றாண்டினது. அங்குள்ள கற்சிற்பமொன்றில் வீமன் கொல்லனாய் அமர்ந்து ஆயுதம் வடிக்கின்றான். அருச்சுனன் துருத்தி ஊதுகின்றான். இருவர்க்கும் நடுவே பிள்ளையார் ஆடுகின்றார். வீமன் வடிப்பதோ பாரதத்திற் கூறப்பட்ட ஆயுதமன்று. சாவகரின் தனியுடைமையான கிரிசு என்னும் குத்துவாளின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெவ்வேறு இரும்புத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி அடித்து, பரப்பிலே நீரோட்டம் போன்ற கோலம் தோன்றச் செய்யப்படுவது கிரிசு. அலகு வளைந்து நெளிந்திருப்பின் வளைவுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாகவே இருக்கும். நம் இதிகாச வீரரை வரவழைத்துத் தம் உலைக்களத்தில் அவர்கள் இருத்திய விதம் இது. தாய்லாந்து மல்லன் களம் புகுமுன் குருவை வணங்கி ஆடுவதும், தலையில் அணியும் வளையத்தை மங்களம் என்பதன் திரிபாகிய ‘மொங்கொன்’ என்பதும் இவ்வகையினவே.

2019 ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனம் இந்தோனேசியாவின் பெஞ்சாக் சிலாட்டையும் மலேசியாவின் சிலாட்டையும் தனித்தனியே மரபுச்செல்வப் பட்டியலிற் சேர்த்தது. ஒரே குடும்பக் கலைக்கு இரு நாடுகள் உரிமை கொண்டாட, இரண்டுக்கும் இடமளிக்கப்பட்டது. 2022 இல் கம்போடியரின் பொக்காத்தோர் இடம்பெற்றது. கெமர் ரூச் ஆட்சியின் கொடுமையில் ஆசிரியர் பலர் மாண்டபின், எஞ்சிய முதியோரைத் தேடிப்பிடித்து அவர் அறிந்தவற்றை ஒன்றுசேர்த்தே அக்கலையை மீட்டனர். யார் யாருக்குக் கற்பித்தார் என்ற வழக்கிற் பொழுது போக்காது, முதியோர் வாயிலிருந்து சுவடுகளின் பெயரைக் குறித்துக்கொண்டனர்.

மலாயாவிற் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உழைத்த நம்மவர்க்கும், இறப்பர்த் தோட்டங்களிற் சிலம்பம் பயின்ற தமிழகத் தொழிலாளர்க்கும் இவ்விரு கலைகளையும் அருகருகே காணும் வாய்ப்பு இருந்தது. மலாய் மொழியிற் கப்பலுக்குக் ‘கபால்’ என்றும், கடைக்குக் ‘கெடை’ என்றும் வழங்குதலை அவர்கள் கேட்டு வியந்திருப்பர். குதிரைச் சவுக்காகிய சம்மட்டி அங்கே ‘செமெத்தி’ எனப்படும். போர்க்கருவிகளிலும் தமிழ்ப் பெயர் தாங்கியது ஒன்றுண்டு. பரிசை என்பது தமிழிற் கேடயத்தின் பழம்பெயர். நம் பேச்சிலிருந்து அது மறைந்துவிட்டது. பொருள் அறிய அகராதியைப் புரட்ட வேண்டியிருக்கின்றது. மலாய் மொழியிலோ கேடயத்துக்கு இன்றும் பொதுச்சொல் ‘பெரிசை’ என்பதுதான்.