மடிப்பு ஸ்கூட்டர்: வாங்குமுன் அறிய வேண்டியவை

நெடுந்தூரம் நடக்க இயலாவிட்டாலும் நிமிர்ந்து உட்காரவும் கைப்பிடியைத் திருப்பவும் வலுவுள்ள முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கென அமைந்த பேட்டரி ஊர்தியே மொபிலிட்டி ஸ்கூட்டர் ஆகும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயுற்ற உறவினர் ஒருவருக்காக ஆலன் தீம் 1968ஆம் ஆண்டு உருவாக்கிய 'அமிகோ' இவ்வகை ஊர்திகளுக்கு முன்னோடியாகும். அந்த மரபில் வந்தவற்றுள், மடித்துக் காரின் டிக்கியில் வைக்கத்தக்க இலகுரக மாதிரிகளே பயணம் செய்ய விரும்புவோருக்குப் பெரிதும் உகந்தவை.

'இலகுரகம்' என்னும் சொல்லைக் கண்டவுடனே வாங்க முற்படுவோர் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, அதைத் தூக்கப்போகிறவர் யார் என்பதையே. இத்தகைய ஸ்கூட்டர்களுள் பல 20 முதல் 30 கிலோ வரை எடையுள்ளவை. விளம்பரத்தில் காட்டப்படும் எடை சில வேளைகளில் பேட்டரியை நீக்கிக் கணக்கிடப்பட்டதாகவும் இருக்கக்கூடும். ஒரே கட்டாக மடியும் மாதிரியை மடிப்பது எளிது என்றாலும் முழு எடையையும் ஒரே முறையில் தூக்கியாக வேண்டும். பகுதிகளாகக் கழற்றும் மாதிரியில் வேலை கூடினாலும் ஒவ்வொரு முறையும் தூக்கும் சுமை குறைகிறது. எழுபது வயதுத் துணைவியாரே டிக்கியில் ஏற்ற வேண்டிய வீட்டில், மொத்த எடையைவிட மிகக் கனமான பகுதியின் எடையே முடிவைத் தீர்மானிக்க வேண்டும்.

அடுத்தது பேட்டரி. ஈய-அமில பேட்டரி விலை குறைந்தது, ஆனால் கனமானது. லித்தியம்-அயனி பேட்டரி இலேசானது, ஆனால் விலை மிகுந்தது. பேட்டரியில் தேங்கும் ஆற்றல் வாட்-மணி என்னும் அலகால் அளக்கப்படுகிறது. வோல்ட் அளவை ஆம்பியர்-மணி அளவால் பெருக்கினால் இது கிடைக்கும் என்பதால், 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியின் ஆற்றல் 240 வாட்-மணி ஆகும். மடிப்பு ஸ்கூட்டரிலிருந்து கழற்றிப் பயணியர் அறையில் கொண்டுசெல்லும் லித்தியம் பேட்டரி ஒன்றாயின் 300 வாட்-மணிக்கும், இரண்டாயின் ஒவ்வொன்றும் 160 வாட்-மணிக்கும் மிகாதிருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விமான விதி; விமான நிறுவனத்தின் முன் ஒப்புதலும் தேவை.

மூன்று சக்கர ஸ்கூட்டர் குறுகிய இடத்தில் எளிதாகத் திரும்பும். நான்கு சக்கர ஸ்கூட்டர் மேடுபள்ளத்திலும் சாய்விலும் நிலையாக நிற்கும். சிறிய சக்கரங்களும் தாழ்ந்த அடிப்பாகமும் உள்ள மாதிரிகள் வாசற்படியிலும் உடைந்த நடைபாதையிலும் தட்டி நிற்கும் என்பதால், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து பார்ப்பது நன்று. ஓட்டுவிசையை விட்டவுடன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும் மின்காந்த பிரேக் இவற்றில் பொதுவாக உண்டு. எனினும் வண்டியைக் கையால் தள்ளுவதற்காக அந்த பிரேக்கை விடுவிக்கும் நெம்புகோலைச் சரிவில் ஒருபோதும் இயக்கலாகாது. ஓட்டுபவரின் எடையோடு கைப்பையின் எடையையும் சேர்த்தே தாங்குதிறனைக் கணக்கிட வேண்டும்.

ஆகவே, பணம் செலுத்துமுன் ஓட்டப்போகிறவரும் தூக்கப்போகிறவரும் சேர்ந்தே கடைக்குச் சென்று, அமர்ந்து ஓட்டி, மடித்து, தம் காரின் டிக்கியில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். மாற்று பேட்டரியும் பழுதுபார்ப்பும் உள்ளூரிலேயே கிடைக்குமா என்பதையும் கேட்டறிய வேண்டும். இச்சோதனைகளில் தேறாத ஸ்கூட்டரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதிருப்பதே நல்லது.