வேலியிற் படர்ந்த பசளி

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப் புகுவோர் அதன் ஆழத்தையும் அதற்காக மூண்ட போர்களையுமே பேசுவர். பச்சிலையும் கனியும் இல்லாமை அப்போர்களில் எத்துணைப் பங்கு கொண்டது என்பதை எண்ணுவார் அரியர்.

1782ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுவ்ரேன் இத்துறையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். மறு ஆண்டு இங்கிருந்து சென்று, கடலூருக்கு அப்பால் ஆங்கிலத் தளபதி ஹியூசுடன் பொருதார். கப்பல்கள் மிகுதியாக உடையவர் ஹியூசே. எனினும் அவருடைய மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோயால் நலிந்திருந்தனர், குடிநீரும் குறைந்திருந்தது. அவர் சென்னைக்குத் திரும்ப நேர்ந்தது. பல்லீறு வீங்கிக் குருதி கசிவதும், ஆறிய புண்கள் மீண்டும் வாய்திறப்பதும் அந்நோயின் குறிகள். மாதக்கணக்காய்ப் பச்சைக் காய்கறியோ கனியோ காணாத உடலை அது பற்றும். அதனைத் தடுப்பது உயிர்ச்சத்து ‘சி’ என்று அறிவியலார் தெளிந்தது 1932இலேதான்.

இலையின் செல்வம் அவ்வளவோடு முடியவில்லை. 1941இல் அமெரிக்க அறிஞர் மூவர் நான்கு தொன் ஸ்பினாச் கீரையிலிருந்து ஒரு சத்தைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் அதற்கு ‘ஃபோலிக் அமிலம்’ எனப் பெயரிட்டனர். கருவுற்ற தாயருக்கு மருத்துவர் இன்று மாத்திரையாகக் கொடுப்பது அச்சத்தே.

அந்த ஸ்பினாச் குளிர்நாட்டுச் செடி. நம் வெப்பத்தில் விரைந்து பூத்துப் பயனற்றுப் போகும். நமக்கு வாய்த்தது பசளி. தடித்த இலையும் கருநீலக் கனியுமாகப் படரும் இக்கொடியை ஆங்கிலேயர் ‘சிலோன் ஸ்பினாச்’ என்றே அழைத்தனர். நம் தாய்மார் கீரையைச் சிறிது நீரில் வதக்கித் தேங்காய்ப்பால் விட்டு, அடுப்பினின்று இறக்கியபின் தேசிக்காய் பிழிவர். கீரையிலுள்ள இரும்பு உடலிற் சேர்வது எளிதன்று. தேசிப்புளி அதற்குத் துணை நிற்கும். உயிர்ச்சத்து ‘ஏ’யாக மாறும் பொருளை உடல் ஏற்கக் கொழுப்பு வேண்டும், அதனைத் தேங்காய்ப்பால் தரும். புளியைக் கடைசியிற் சேர்ப்பதால் அதன் சத்தும் தீயில் அழிவதில்லை. உண்டவுடன் தேநீர் அருந்துவதுதான் இரும்பு சேர்வதைத் தடுக்கும். அவ்வழக்கத்தை விடுதல் நன்று.

உவர்மலைத் தெருக்களில் நடக்கையில் வேலிகள் மதில்களாகி வருவதைக் காண்கிறேன். வேலி மறைந்தால் கொடிக்கு இடமில்லை. கொடி மறைந்தால் அதன் பெயரும் பக்குவமும் பிள்ளைகளின் நாவிலிருந்து மறையும். மாத்திரையை விலைக்கு வாங்கலாம். மறந்த பக்குவத்தை எங்கே வாங்குவது? பசளிக்கு விதையும் வேண்டியதில்லை; முற்றிய தண்டொன்றை ஈரமண்ணில் ஊன்றினாற் போதும். ஆசிரியர்கள் இதனைப் பள்ளித் தோட்டத்திலேயே தொடங்கலாம்.