உங்களுக்குத் தெரியுமா? ஏரியில் படிக்கும் கேப்டன்கள்

பிரான்சில் கிரெனோபிள் அருகே, கடல் வாசனையே எட்டாத இடத்தில் இருக்கிறது போர் ரெவல் பயிற்சி மையம். அனுபவமுள்ள கேப்டன்களும் துறைமுக பைலட்டுகளும் இங்கே ஏரியில் குட்டிக் கப்பல் ஓட்டிப் பழகுகிறார்கள்!

• எல்லாமே 25-இல் ஒரு பங்கு. 300 மீட்டர் கப்பல் இங்கே 12 மீட்டர்தான்.

• அளவு சுருங்கினால் நேரமும் சுருங்கும். ஏரியில் 1 நிமிடம், கடலில் 5 நிமிடத்துக்குச் சமம். முடிவையும் ஐந்து மடங்கு வேகத்தில் எடுத்தாக வேண்டும். மணிக்கு 10 கிலோமீட்டர் இளங்காற்றுகூட 50 கிலோமீட்டர் காற்றாக மோதும். உல்லாசப் படகு சவாரி என்று நினைத்துவிடாதீர்கள்.

• 1960-களில், ராட்சத எண்ணெய்க் கப்பல்களைக் கையாளப் பழக்கவே இந்த மையம் தொடங்கப்பட்டது. பிறகு கன்டெய்னர் கப்பல், இழுவைப் படகு மாதிரிகளும் சேர்ந்தன.