சராசரியை நம்பலாமா?

ஆஸ்திரேலியர்களுக்கு விளையாட்டு என்றால் உயிர். ஆண்டுதோறும் நவம்பர் முதல் செவ்வாயன்று மெல்போர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயம். கிறிஸ்துமசுக்கு மறுநாள் அதே நகரில் டெஸ்ட் கிரிக்கெட். அன்றே சிட்னியிலிருந்து தெற்கே ஹோபார்ட் துறைமுகத்துக்குப் பாய்மரப் படகுப் பந்தயமும் தொடங்குகிறது. 1945-இல் 9 படகுகளுடன் பிறந்த பந்தயம் இது. தூரம் சுமார் 1,163 கிலோமீட்டர். கிரிக்கெட் உங்களுக்குத் தெரிந்ததே. கடலுக்குப் போவோம்.

1998-இல் 115 படகுகள் புறப்பட்டன. ஓரிரு மணி நேரத்தில் புயல் எச்சரிக்கை வெளியாயிற்று. மறுநாள், டாஸ்மேனியாத் தீவுக்கு வடக்கேயுள்ள பாஸ் ஜலசந்திப் பகுதியில் கடல் கொந்தளித்தது. 5 படகுகள் மூழ்கின. 6 பேர் மாண்டனர். 55 பேர் மீட்கப்பட்டனர். ஹோபார்ட்டை எட்டியவை 44 படகுகளே.

எச்சரிக்கை இருந்தும் ஏன் இப்படி? ஒரு காரணம் ‘சராசரி’ என்னும் சொல்லில் ஒளிந்திருக்கிறது. வானிலை அறிக்கை கூறும் காற்றின் வேகம் 10 நிமிடச் சராசரி. இடையிடையே எழும் திடீர் வீச்சு அதைவிட 40 விழுக்காடு கூடுதலாக இருக்கலாம். பாயின் மீது காற்று செலுத்தும் விசையோ வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் உள்ளது. 1.4-இன் வர்க்கம் என்ன? ஏறத்தாழ 2! விசை இரு மடங்காகிவிடுகிறது.

அலையின் கதையும் இதுவே. அறிக்கையில் காணும் அலை உயரம், அலைகளுள் உயர்ந்த மூன்றில் ஒரு பங்கின் சராசரி. அது 5 மீட்டர் என்றால், எப்போதாவது ஓர் அலை 10 மீட்டரும் எழும். படகைக் கவிழ்க்க அந்த ஒன்று போதும். சராசரி ஆழம் இடுப்பளவு என்று கேட்டு ஆற்றில் இறங்குவார் உண்டா?

திடீர் வீச்சின் உச்ச வேகத்தையும் அறிக்கையில் சேர்க்க வேண்டுமென்று மரண விசாரணை அதிகாரி 2000-இல் பரிந்துரைத்தார்.